உடையாத கண்ணாடி

நகராட்சி முத்திரையிட்ட உறை ஒன்று வாசலில் வந்து விழுந்தால், அதைப் பிரிப்பதற்கு முன்பே பல்செட்டுக்காரருக்கு அச்சம் பிடித்துக்கொள்ளும். அவர் குற்றம் எதுவும் செய்தவர் அல்லர். குற்றம் செய்தவனுக்காவது எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்திருக்கும். செய்யாதவரோ உலகிலுள்ள குற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து அஞ்ச வேண்டியிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை வந்த கடிதத்தில் மூன்று வாக்கியங்களே இருந்தன. அவருடைய வீடு தொன்மைச் சிறப்புடைய கட்டடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக முதல் வாக்கியம் கூறியது. தொன்மைக் கட்டடப் பாதுகாப்புப் பிரிவினர் மறுநாளே வந்து பார்வையிடுவர் என்று இரண்டாவது கூறியது. இதுகுறித்து அச்சம் கொள்ளத் தேவையில்லை என்றது மூன்றாவது. அதைப் படித்த பிறகுதான் அவர் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார்.

வீடு என்னவோ பழையதுதான். மனைவிவழிச் சொத்து, யார் கட்டியது என்று அவளுக்கே தெரியாது. இரண்டே அறைகள். முன்னறை அவருடைய தொழிற்கூடம். சன்னலோர மேசையில் சாந்தில் வார்த்த மேல்தாடைகளும் கீழ்த்தாடைகளும் வரிசையாக இருக்கும். பக்கத்தில் மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, ஈறு நிறத்துப் பொடி நிறைந்த டப்பாக்கள். ஊரிலுள்ள பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பல்வரிசை செய்து திருப்பி அனுப்புவார். ஊரில் மேடையேறிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இவர் செய்த பற்களைக் கொண்டுதான் பேசினார்கள்.

பின்னறையில் ஒரு கட்டில் கிடந்தது. அதன் தலைமாட்டுச் சுவர் பக்கத்துத் தெருவைப் பார்த்த சுவர். கூரையில் தொடங்கித் தலையணை வரை அதில் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. விரிசல்களைப் பற்றிப் பல்செட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். நடுவில் கீறல் விட்ட பல்செட், அவருடைய நாற்பது ஆண்டு அனுபவத்தில், ஒருமுறையேனும் மனம் மாறி நின்றதில்லை. ஆகவே அந்தச் சுவரைப் பிரித்துக் கட்டுவதற்கு மனைவியின் தம்பியிடம் சொல்லியிருந்தார். தம்பி கொத்தனார். புதன்கிழமை காலை ஆட்களோடு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பாதுகாப்புப் பிரிவினர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள்.

மூவர் வந்தார்கள்: அளவு நாடாவோடு ஓர் ஆய்வாளர், பேரேட்டோடு ஓர் எழுத்தர், கேமராவோடு ஒரு படக்காரர். மனைவி அன்று தலைவலியால் நெற்றியில் ஈரத்துணி போட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். ஆட்களைக் கண்டதும் எழப் போனாள்.

"வேண்டாம்மா, நீங்க பாட்டுக்கு இயல்பா இருங்க" என்றார் படக்காரர்.

அந்த வார்த்தையை நம்பி அவள் இயல்பாக இருந்தாள். அடுத்த பதினொரு மாதங்களுக்கு அவள் அதே இயல்போடு இருக்க வேண்டியதாயிற்று.

ஆணை வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று எழுத்தர் சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை வந்த கொத்தனார் தம் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, விரல் முட்டியால் சுவரை ஓரிடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"மாமா, இதுக்குள்ள சுண்ணாம்பும் செத்துப்போச்சு, செங்கல்லும் செத்துப்போச்சு. இத்தனை வருஷம் நின்ன பழக்கத்துல நிக்குது."

"பழக்கம் விட்டுப்போனா?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் சொல்றேன், முதல்ல கட்டிலை இழுத்து எதிர்ப்பக்கம் போடு. விழுந்தாலும் தலையில விழாது."

கட்டில் எதிர்ப்பக்கம் போயிற்று.

ஆணை பத்தாம் நாள் வந்தது. பதினான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தை ஒட்டி, அதன் கீழே 'மூலநிலைப் படம்' என்று அச்சிட்டிருந்தார்கள். மற்றப் பதின்மூன்று பக்கங்களின் சாரம் இதுதான்: கட்டடம் எந்நாளும் இந்தப் படத்தில் உள்ளவாறே இருத்தல் வேண்டும், படத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டால் அது மீறல் எனப்படும், மூன்று மீறல்களுக்குப் பிறகு குடியிருப்போரை வெளியேற்றி வீட்டை நகராட்சி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். குடியிருப்போர் தாமாக வெளியேறினாலும் எடுத்துக்கொள்ளும்.

ஆய்வாளர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டிக் கையில் ஏந்தியபடி முதல் ஆய்வுக்கு வந்தார். அலுவலக நேரத்தில், முன்னறிவிப்பின்றி, எப்போது வேண்டுமானாலும் வருவது அவர் கடமை. அறை நடுவில் நின்று படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கட்டில் இடம் மாறியிருக்கு."

"சுவர் விழுந்துடும்னு பயந்து நகர்த்தினோம் ஐயா."

"சுவர் படத்துல நின்னுக்கிட்டுத்தானே இருக்கு" என்று சொல்லி ஆய்வாளர் முதல் மீறலை எழுதிக் கையெழுத்து வாங்கினார். கட்டில் மீண்டும் விரிசலின் கீழ் போனது. சுவரில் தொங்கிய நாள்காட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. கிழித்த தாள்களைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப ஒட்டச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்நாளும் அந்தச் செவ்வாய்க்கிழமையே.

இரண்டாம் முறை அவர் வந்தபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

"படத்துல கட்டில் மேல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க எங்க?"

"அவ என் வீட்டுக்காரிங்க. சாமான் வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

"யாரா இருந்தா என்னங்க? பட்டியல்ல பதினேழாவது இனம். 'கட்டில், மரம், ஒன்று. அதன் மேல் பெண், நடுவயது, ஒன்று.' இனம் பதினேழு காணோம்னா நான் என்ன எழுதுறது?"

இரண்டாம் மீறல் என்று எழுதினார்.

அன்று முதல் மனைவி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, கட்டிலுக்கு மூன்று எட்டுக்கு அப்பால் போவதில்லை. வாசல் கதவு கிரீச்சிட்டால் ஓடிவந்து படுத்து நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொள்வாள். மாலை ஐந்துக்குமேல் இருவரும் அந்த அறையில் காலை வைப்பதில்லை. தொழிற்கூட மேசையின் கீழே, தாடைகளின் காவலில், ஒண்டிப் படுத்தார்கள். சுவருக்கு அலுவலக நேரம் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

"இன்னும் ஒரு மீறல்னா வீடு போயிடும்" என்றார் கணவர்.

"இன்னும் ஒரு மழைன்னா நான் போயிடுவேன். எது முன்னாலன்னு பார்ப்போம்" என்றாள் மனைவி.

பல்செட்டுக்காரர் ஒரு மனுவை மூன்றுமுறை திருத்தி எழுதி எடுத்துக்கொண்டு பாதுகாப்புப் பிரிவுக்குப் போனார். அது புத்தம்புதிய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. பிரிவு முன்பு இயங்கிய பழைய மாளிகை ஊழியர்களின் உயிருக்கு ஆபத்தானது எனக் கண்டறியப்பட்டு இடிக்கப்பட்டிருந்தது. அதன் படம் சட்டமிட்டுப் பிரிவு அலுவலரின் தலைக்குமேல் தொங்கியது.

பிரிவு அலுவலர் மனுவின் ஓரங்களைச் சரிபார்த்தார்.

"சுவர் விழப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. எந்தத் தேதி?"

"தேதி எப்படிங்க ஐயா தெரியும்?"

"தேதி தெரியாத ஒரு நிகழ்ச்சிக்கு நான் எப்படி அனுமதி கொடுக்கிறது?"

"விழறதுக்கு அனுமதி கேக்கலைங்க. விரிசலை அடைக்கிறதுக்கு."

"விரிசல் பாதுகாக்கப்பட்ட அம்சம்." அலுவலர் பொறுமையானவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். "கட்டடத்துக்கு வயசாச்சுங்கறதுக்கு அதுதானே சாட்சி? நாலு மில்லிமீட்டர்னு அளந்து பதிவு பண்ணியிருக்கோம். உங்க முகத்துல சுருக்கம் இருக்கு. அதை யாராவது பூசி அடைக்கிறாங்களா?"

"என் முகம் யார் தலையிலயும் விழாதுங்களே."

அலுவலர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். கட்டடத்தைக் காப்பாத்துறது எங்க வேலை. ஆளைக் காப்பாத்துறதுக்கு வேற துறை இருக்கு. அவங்க வேலையில நாங்க மூக்கை நுழைக்கிறதில்ல. அது ஒரு நாகரிகம்."

"விரிசல் பெருசாகிட்டே போகுதுங்க ஐயா."

"அனுமதி இல்லாம எப்படிப் பெருசாகும்?" என்று கேட்ட அலுவலர், எதிரில் நின்றவரின் முகத்தில் ஓடிய கலக்கத்தைக் கண்டு இரங்கி, சாட்சிக் கண்ணாடி ஒன்றை ஒட்ட ஆணையிட்டார்.

சாட்சிக் கண்ணாடி என்பது விரல்நீளக் கண்ணாடித் துண்டு. விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனைகளிலும் சாந்து பூசி ஒட்டுவார்கள். சுவர் அசைந்தால் துண்டு உடையும். உடைந்தால் சுவர் அசைந்தது தெரியும். ஆய்வாளர் அதை ஒட்டி முடித்தபோது பல்செட்டுக்காரருக்குப் பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

"உடைஞ்சா உடனே வந்து சொல்லிடலாங்களா?"

"உடைஞ்சா நீங்க உடைச்சீங்கன்னு ஆகும். நகராட்சி உடைமை பாருங்க. மூணாவது மீறல்."

"சுவர் அசைஞ்சு உடைஞ்சா?"

"சுவர் அசையாதுன்னு சான்று வாங்கித்தானே வீட்டைப் பட்டியல்ல சேர்த்திருக்கோம். அசையாத சுவர் எப்படி உடைக்கும்? வேற யாரோதான் உடைச்சிருக்கணும். வீட்டுல நீங்க ரெண்டு பேர்தான்."

பல்செட்டுக்காரரின் மூச்சு பழையபடி ஆயிற்று.

கண்ணாடி ஒட்டிய பத்தொன்பதாம் நாள் நடுப்பகலில் பின்னறையில் 'டிக்' என்று ஓர் ஓசை கேட்டது. கடைவாய்ப் பல்லில் கல் அகப்பட்டால் எழுமே, அந்த ஓசை. இருவரும் பின்னறை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி நடுவில் இரண்டாகியிருந்தது.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா வீடு போயிடும்."

"சொல்லலைன்னா?"

அவர் மேசைக்குப் போனார். மேலண்ணத் தகடு செய்வதற்காக நிறமில்லாத பிளாஸ்டிக் பொடி அவரிடம் இருந்தது. வேகவைத்து வார்த்தால் நீர்போலத் தெளிந்து வரும், கண்ணாடியைப்போல் முரண்டு பிடிக்காது, வளைந்து கொடுக்கும். அதில் ஒரு விரல்நீளத் துண்டு வார்த்தார். சுவர் இன்னும் விலகும் என்பது தெரிந்திருந்ததால், மேலண்ணத்தின் வளைவைப்போல, பார்த்தவுடன் தெரியாத அளவில் அதைச் சற்றே வளைத்தார். நீட்டினால் நீள்வதற்கு இடம் வேண்டுமல்லவா? உடைந்த துண்டுகளை எடுத்துவிட்டு இதை ஒட்டினார். ஒட்டும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதால் ஒரு கையாலேயே ஒட்ட வேண்டியிருந்தது.

அந்தத் துண்டு கண்ணாடியைவிடக் கண்ணாடியாக இருந்தது. நாற்பது ஆண்டுகளில் அவர் செய்தவற்றுள் ஆகச் சிறந்தது அதுதான். செய்தபிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். துண்டை விரலால் தடவினார்.

"சபாஷ். அப்படியே இருக்கு."

"விரிசலை அளக்கலீங்களா?" என்று பல்செட்டுக்காரர் அடங்கிய குரலில் கேட்டார்.

"சாட்சி இருக்கும்போது விரிசலை எதுக்கு அளக்கணும்? அப்புறம் சாட்சிக்கு என்ன மரியாதை?" ஆய்வாளர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "அம்மா, இடது கண்ணு பாதி மூடியிருக்கணும். நீங்க ரெண்டையும் திறந்து வெச்சிருக்கீங்க."

"மேல இருந்து மண்ணு விழுது. எந்தக் கண்ணுல விழுதுன்னு பார்க்க வேண்டாமா?"

"படத்துல மண்ணு விழலை."

"படத்துல எனக்குத் தலைவலி இருந்துச்சு. இப்ப இல்ல. சும்மா ஈரத்துணி போட்டுப் போட்டுச் சளி பிடிச்சதுதான் மிச்சம்."

"தலைவலியை வரவழைச்சுக்கங்கம்மா."

"நீங்க வந்தாலே வந்துடுது" என்று சொல்லி அவள் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள்.

மாதங்கள் சென்றன. விரிசலில் முதலில் மெழுகுக் கத்தியின் முனை நுழைந்தது. பிறகு அதன் பிடி நுழைந்தது. பிறகு பல்செட்டுக்காரரின் சுண்டுவிரல். ஒரு நாள் காலையில் அதன் வழியே வெயில் வந்து தலையணைமேல் கோடு கிழித்தது. அடுத்த வாரம் தெருவில் போன யாரோ ஒருவர் விரிசல் வழியாக மணி என்ன என்று கேட்டார். மனைவி படுத்தபடியே சொன்னாள். அவர் நன்றி கூறிப் போனார்.

சுவர் விலக விலக, வளைந்திருந்த துண்டு நீண்டு நேராயிற்று. இது ஆய்வாளரின் கண்ணிலிருந்து தப்பவில்லை. 'சாட்சிக் கண்ணாடி முன்னைக் காட்டிலும் நேராகியுள்ளது. சுவர் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டு வருகிறது' என்று எட்டாம் மாத அறிக்கையில் எழுதினார். ஒன்பதாம் மாத அறிக்கையை அதைப் பார்த்து எழுதினார். பத்தாம் மாதத்தில் பிரிவு அலுவலரே அந்த வாக்கியத்தை ஒரு கருத்தரங்கில் படித்துக் கைதட்டல் பெற்றார்.

பதினோராம் மாதத்தில் மீண்டும் ஓர் உறை வந்தது. ஊரிலுள்ள பழைய சுவர்களுள் மிக உறுதியான சுவர் பல்செட்டுக்காரர் வீட்டுச் சுவரே எனப் பதினொரு அறிக்கைகளால் ஐயமற நிறுவப்பட்டிருப்பதாகவும், ஆகையால் பாதுகாப்புப் பணியில் உழைத்தவர்களின் பெயர் பொறித்த கருங்கல் பலகை அந்தச் சுவரின் தெருப்பக்கத்திலேயே பதிக்கப்படும் என்றும், நகராட்சித் தலைவர் அதைத் திறந்துவைப்பார் என்றும் அது கூறியது. உழைத்தவர்கள் எண்பத்திரண்டு பேர். கல்லின் எடை முந்நூறு கிலோ.

கொத்தனார் கடிதத்தை வாங்கி வாசித்தார்.

"மாமா, அந்தச் சுவர்ல ஆணி அடிச்சு உங்க சட்டையை மாட்டக்கூட நான் விடமாட்டேன்."

அன்று பிற்பகலே பல்செட்டுக்காரர் நான்காம் மாடிக்குப் போனார். லிஃப்ட்டில் ஏறத் துணிவில்லை. படி ஏறியபடியே சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் மாடியில் ஒருமுறை திரும்பி இறங்கினார், மீண்டும் ஏறினார்.

"ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அது கண்ணாடி இல்லைங்க."

"எது?"

"சாட்சிக் கண்ணாடி. நிஜக் கண்ணாடி பத்தொன்பதாம் நாளே உடைஞ்சு போச்சு. பயந்துபோய் நான்தான் பிளாஸ்டிக்ல ஒண்ணு செஞ்சு ஒட்டினேன். பல்செட்டுக்குப் போடுற பிளாஸ்டிக்குங்க. அது உடையாது. சுவர் இப்பக் கை நுழையிற அளவுக்குப் பிளந்திருக்குங்க. கல்லை மாட்டிடாதீங்க."

பிரிவு அலுவலர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து பதினொரு அறிக்கைகளையும் மேசைமேல் சீட்டுக்கட்டைப்போல் பரப்பினார்.

"இதுல எல்லாத்திலயும் 'கண்ணாடி'ன்னு எழுதியிருக்கு. கீழே ஆய்வாளர் கையெழுத்து. அதுக்குக் கீழே என் கையெழுத்து. இந்த மூணுல தலைவர் கையெழுத்தும் இருக்கு. இப்ப நீங்க சொல்றது உண்மைன்னா இது அத்தனையும் பொய்யின்னு ஆகும். எங்க மூணு பேரையும் பொய்யன்னு சொல்லவா நீங்க இத்தனை மாடி ஏறி வந்தீங்க?"

"ஐயோ, இல்லைங்க."

"அப்போ அது கண்ணாடிதான்?"

பல்செட்டுக்காரர் தரையைப் பார்த்தார். தரை வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றார் அலுவலர், குரலைத் தாழ்த்தி. "நீங்க சொன்னதை நான் எழுதிக்கிட்டா மூணாவது மீறல். வீடு நாளைக்கே போயிடும். எழுதிக்கலைன்னா ஒரு கல்லுதான். கல்லு எங்க செலவு. யோசிங்க."

அவர் யோசித்தார். கதவைத் திறந்துகொண்டு படி இறங்கி வீட்டுக்கு வந்தார்.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கண்ணாடிதான்னு சொன்னாங்க."

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. பக்கத்துத் தெருவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கல்லைச் சாரத்தில் ஏற்றிச் சுவரில் சாய்த்து நான்கு ஆட்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் துளையிடும் எந்திரத்தோடு நின்றார். விழா முடியும்வரை உள்ளே மூலநிலை கலையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆய்வாளருக்கு. அவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, முக்காலியில், சுவருக்கு முதுகுகாட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி ஈரத்துணியோடு கட்டிலில் கிடந்தாள். பல்செட்டுக்காரர், தொழிற்கூடத்துச் செருப்பைக் கழற்றாமலே, கையில் மெழுகுக் கத்தியோடு பின்னறை வாசற்படியில் நின்றார். கத்தியை எப்போது எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.

தலைவரின் பேச்சு விரிசல் வழியாக, ஒலிபெருக்கியின் உதவியின்றியே, தெளிவாக உள்ளே வந்தது. அவருடைய மேல்வரிசையைச் செய்தவர் பல்செட்டுக்காரர். அது சற்றே தளர்ந்திருப்பதை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எழுந்த ஒலியிலிருந்து அவர் அறிந்துகொண்டார்.

"நாங்க பொறுப்பேத்தப்போ இந்த ஊர்ல பழைய கட்டடம் முப்பத்தேழு இருந்துச்சு. யாரும் சீந்தல. கேட்பாரில்லாமத் தானா நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆறு வருஷமா ராப்பகலாப் பாதுகாத்தோம். இன்னைக்குப் பதினொண்ணு இருக்கு. மீதி இருபத்தாறும் எங்கேன்னு சில பேர் கேக்கிறாங்க. இருபத்தாறுக்கும் கோப்பு இருக்கு. ஒரு கோப்புலயாவது ஒரு காகிதம் கிழிஞ்சிருக்கான்னு அவங்க வந்து பார்க்கட்டும்." கைதட்டல். "இந்தச் சுவரைப் பாருங்க. பதினொரு மாசமா ஒரு இம்மி அசையலை. ஏன்? எங்களுக்குப் பயந்து."

துளையிடும் எந்திரம் முழங்கியது.

மேசைமேல் இருந்த தாடைகள் கடகடவென்று ஆடத் தொடங்கின. கட்டில் அதிர்ந்தது. மனைவியின் மேல் பொடிமண் கொட்டியது. அவள் இடது கண்ணைப் பாதி மூடியிருந்தாள், வலது கண்ணால் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் அவர் சுவரைப் பார்த்தார்.

சாட்சித் துண்டு நடுவில் வெளுத்திருந்தது.

உடைவதற்கு முன்பு அந்தப் பிளாஸ்டிக் பால்போல வெளுக்கும். நாற்பது ஆண்டுகளில் அவர் அதை நூறுமுறை பார்த்திருக்கிறார். வெளுத்த பிறகு அது நூறு எண்ணும்வரைகூடத் தாங்கியதில்லை. இதை அறிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவரே, யாரிடம் சொல்வது? சொல்லத்தான் ஏற்கெனவே நான்கு மாடி ஏறினாரே.

அவர் இரண்டே எட்டில் போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்தார்.

"கட்டிலை விடுங்க" என்றார் ஆய்வாளர். "படத்துல இல்லை."

அவர் இழுத்தார். கட்டிலின் கால்கள் தரையைக் கீறிக்கொண்டு வந்தன.

"மூணாவது மீறல். எழுதட்டுமா?"

"எழுதிக்கங்க ஐயா. ரெண்டு தரம் எழுதிக்கங்க."

கட்டில் வாசற்படியில் சிக்கிக்கொண்டது. மனைவி துணியை வீசிவிட்டுக் கட்டிலின் மேலாகவே தாவி முன்னறைக்கு வந்தாள். அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டு வெளியே ஓடினார். கையெழுத்து வாங்காத மீறல் செல்லாது என்பதால் ஆய்வாளர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு, கட்டிலின் மேலேறி, அவர்களின் பின்னாலேயே ஓடிவந்தார். அந்த விதியை எழுதியவர் யாரோ, அன்று ஓர் உயிரைக் காப்பாற்றினார். பாதுகாப்புப் பிரிவின் வரலாற்றில் அது ஒன்றுதான்.

உள்ளே 'டிக்' என்று கேட்டது. அதன்பின், ஏதோ பெரிய மிருகம் ஒன்று முனகிக்கொண்டு முட்டிபோட்டதைப்போல், சுவர் உள்பக்கமாக உட்கார்ந்தது. கூரை அதைப் பின்தொடர்ந்தது. எண்பத்திரண்டு பெயர்களும் கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் போய் விழுந்தன.

புழுதி அடங்க வெகுநேரமாயிற்று. ஒருவருக்கும் காயமில்லை. மூலைக்குமூலை ஓடியவர்கள் திரும்பி வந்து சட்டையை உதறிக்கொண்டார்கள். பிரிவு அலுவலர் அங்கேயே, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"என்ன நடந்துச்சு? வரிசையாச் சொல்லுங்க" என்றார் தலைவர், மேல்வரிசையை விரலால் அழுத்திக்கொண்டு.

ஆய்வாளர் பேரேட்டைப் பார்த்து வாசித்தார். "பத்து இருபத்தொண்ணுக்குக் குடியிருப்பவர் கட்டிலை அகற்றினார். பத்து இருபத்திரண்டுக்குச் சுவர் விழுந்தது."

"அப்போ கட்டில் முதல்ல. சுவர் அப்புறம்."

"ஆமாங்க."

பிரிவு அலுவலர் அட்டையிலிருந்த படத்தைச் சுட்டிக் காட்டினார். "இதுல பாருங்க ஐயா. சுவரும் கட்டிலும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. பதினொரு மாசம் கட்டில் இருந்துச்சு, சுவர் நின்னுச்சு. கட்டிலை எடுத்தாரு, விழுந்துடுச்சு. இதுக்குமேல விசாரணை எதுக்கு?"

எதிர்ச் சாரியில், புழுதி அப்பிய முகத்தோடு, பல்செட்டுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். தொழில் போயிற்று, வீடு போயிற்று, மேசையும் நாற்பது தாடைகளும் கூரைக்குக் கீழே. அவருடைய கை மட்டும் மனைவியின் கையைவிட்டு அகலவில்லை.

"நான் சொன்னேனே" என்று முணுமுணுத்தார். "நான் மாடி ஏறிப் போய்ச் சொன்னேனே."

"கத்தாதீங்க. கேட்டுடப் போகுது" என்றாள் மனைவி.

அங்கே தலைவரின் முகம் தெளிந்துகொண்டிருந்தது. "சரி, மனம் தளர வேண்டாம். கட்டடமா இருந்தாத்தான் தொன்மையா? இடிபாடும் தொன்மைதான். இன்னும் சொல்லப்போனா, இடிபாட்டுக்கு வயசு கூடுதலாத் தெரியும். இப்படியே, ஒரு கல்லுகூட அசையாம, இதைப் பட்டியல்ல ஏத்துங்க. படக்காரர் எங்க?"

படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு இடிபாட்டின் எதிரே, தெருவின் நடுவில் வந்து நின்றார். தெருவில் நின்றவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

"யாரும் நகர வேண்டாம். அவங்கவங்க பாட்டுக்கு இயல்பா இருங்க."

மனைவியின் விரல்கள் கணவரின் மணிக்கட்டில் இறுகின.

"என்னங்க. நடங்க."

"எங்கே?"

"படத்துல விழாத பக்கம்."

அவள் அவரை இழுத்துக்கொண்டு, ஓடாமல், ஓடுவதைவிட விரைவாக நடந்தாள். நாற்காலிக்காரர்கள் அசையாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் ஒன்றில் தட்டுப்பட்டு அவருடைய இடது செருப்பு கழன்றது. அவர் குனியப் போனார்.

"விடுங்க. அது இனிமே அவங்களோடது."

பின்னால் கேமராவின் ஒலி கேட்டது. இருவரும் தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கொத்தனார் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, வலது செருப்பை அவர் காலிலிருந்து உருவி அடுப்பில் போட்டதுதான். வீடு முழுதும் ரப்பர் நாற்றம் சூழ்ந்தது.

"என்னக்கா இது, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் தம்பி.

"வாசல் கதவைச் சாத்து" என்றாள் அவள்.

எட்டாம் நாள் தெருவுக்குத் தெரு நகராட்சியின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. இடிபாட்டின் மூலநிலைப் படத்தில் இருபத்துமூன்றாம் இனமாக ஒரு செருப்பு, இடதுகாலுக்கு உரியது, பதிவாகியிருப்பதாகவும், அதன் இணையை வைத்திருப்பவர் காலோடு நேரில் வருமாறும், இதுகுறித்து அச்சம் கொள்ளத் தேவையில்லை என்றும் அதில் கண்டிருந்தது.

பல்செட்டுக்காரர் அதைக் கடைசிவரை வாசித்தார். பிறகு இரு கால்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, வெறுங்காலோடு, சுவரில்லாத பக்கமாக நடந்து போனார்.